மதீனாவில் எழுந்த ஒரு பெண்ணின் குரல்

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் மதீனாவில் ஒரு பெண் தொழுகைக்காக வீட்டிலிருந்து புறப்பட்டார். வழியில் ஒருவன் அவரை வன்கொடுமை செய்தான். அவர் கூக்குரலிடவே, அவன் தப்பியோடினான். வாயில் இப்னு ஹுஜ்ர் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி திர்மிதீ, அபூதாவூத் நூல்களில் பதிவாகியுள்ளது.

அவ்வழியே வந்த முஹாஜிர்கள், அப்பெண் சுட்டிக்காட்டிய மனிதரைப் பிடித்து நபியவர்களிடம் கொண்டுவந்தனர். இவர்தாம் என அவரும் உறுதி கூறினார். தண்டனை நிறைவேற இருந்த வேளையில் உண்மைக் குற்றவாளி எழுந்து, தானே அதைச் செய்ததாக ஒப்புக்கொண்டான். அல்லாஹ் மன்னித்துவிட்டதாகக் கூறி அப்பெண்ணை நபியவர்கள் அனுப்பிவைத்தார்கள். தவறாகப் பிடிபட்டவரிடம் இனிமையாகப் பேசினார்கள். குற்றவாளிக்குத் தண்டனை விதித்தார்கள்.

மதரஸாவில் இந்த ஹதீஸை நடத்தும்போது நாம் ஒன்றைக் கவனிக்கிறோம். அவர் ஏன் தனியே வந்தார் என்ற விசாரணை இச்செய்தியில் இல்லை. அதிர்ச்சியில் ஆளை மாற்றிச் சொன்னதற்காக அவர்மீது அவதூறுக் குற்றமும் சுமத்தப்படவில்லை.

கலீஃபா உமர் (ரலி) காலத்தில் ஓர் அடிமைப் பெண் பலவந்தப்படுத்தப்பட்டார். உமர் (ரலி) அவனுக்குக் கசையடி கொடுத்து நாடு கடத்தினார்கள். நிர்ப்பந்திக்கப்பட்டவர் என்பதால் அப்பெண்ணைத் தண்டிக்கவில்லை. இதனைப் புகாரி பதிவுசெய்கிறது. பின்னாளில் கலீஃபா அப்துல் மலிக், குற்றவாளியே பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு மஹர் தொகை செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்ததை இமாம் மாலிக்கின் முவத்தா கூறுகிறது.

இந்த வேறுபாடு மறக்கப்பட்டால் என்ன நேரும் என்பதற்குப் பாகிஸ்தான் சாட்சி. அங்கு 1979ஆம் ஆண்டின் ஹுதூத் சட்டம் வன்கொடுமையையும் விபச்சாரத்தையும் ஒரே சட்டத்தில் வைத்தது. முறையிட்ட பெண்களே குற்றவாளிகளாக நிறுத்தப்பட்டனர். 2006இல்தான் வன்கொடுமைக் குற்றம் மீண்டும் தண்டனைச் சட்டத்துக்கு மாற்றப்பட்டது.

அந்தத் தவறு சட்டத்தில் மட்டுமா நிகழ்கிறது? குடும்ப மானம் என்று கூறி வாயடைக்கும்போதும், தொகை பேசி முடிக்கும்போதும் நம் மஹல்லாவிலும் அதுவே நிகழ்கிறது. நம் நாட்டுச் சட்டப்படி அரசு, தனியார் மருத்துவமனைகள் யாவும் பாதிக்கப்பட்டவருக்கு உடனடியாக இலவசச் சிகிச்சை அளிக்க வேண்டும். அவரது பெயரை வெளியிடுவது குற்றம். மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் அவருடன் துணையாகச் செல்வது ஜமாஅத்தின் கடமை. உதவிக்கு ஓடிவந்த அந்த முஹாஜிர்களின் வழியில் நடக்க அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக!