மூலக் குரலும் எதிரொலியும்



பத்துமலையின் 272 படிகளையும் ஏறிக் குகைக்குள் நின்று ஒருவர் "முருகா" என்று அழைத்தால், அந்த ஒரு குரல் பல குரலாகித் திரும்பி வருகிறது. கேட்பதற்கு இனிமைதான். ஆனால் அதே குகைக்குள் உறுமியும் பம்பையும் பாட்டும் ஒருசேர முழங்கும்போது, பாட்டின் சொல் நம் காதுக்கு எட்டுவதில்லை. காரணம் என்ன? குகைக்குப் பாகுபாடு தெரியாது. குரலுக்கு இவ்வளவு எதிரொலி, மேளத்துக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்க அதனால் முடியாது. எல்லாவற்றுக்கும் ஒன்றாகக் கொடுத்துவிடுகிறது.

அப்படிப் பிரித்துக் கொடுக்க மனிதன் கற்றுக்கொண்ட வரலாற்றைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம். மின் இசை மேடைகளில் ஒருவர் மேசைக்குப் பின்னால் நின்று திருகுகளைத் திருப்பிக்கொண்டிருப்பதை நம் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். "இவர் என்ன வாத்தியம் வாசிக்கிறார்?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. அந்தக் கேள்விக்கும் இந்த வரலாற்றில் விடை இருக்கிறது.

1947ஆம் ஆண்டு. அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பில் புட்னம் என்ற ஒலிப்பதிவாளர் ஒரு மவுத் ஆர்கன் குழுவின் இசையைப் பதிவு செய்தார். அப்போது குளியலறையையே எதிரொலி அறையாகப் பயன்படுத்தினார். இசையின் ஒரு பங்கை ஸ்பீக்கர் வழியாக அவ்வறைக்குள் அனுப்பினார். கெட்டிச் சுவர்களில் மோதி முழங்கிய ஒலியை அங்கிருந்த மைக் எடுத்துவந்தது. அதை மூல இசையோடு வேண்டிய அளவுக்குச் சேர்த்துக்கொண்டார். மூல இசை ஒரு வழியில் வந்தது. எதிரொலி வேறு வழியில் வந்தது. இரண்டும் எவ்வளவு சேரவேண்டும் என்பதை ஒரு மனிதரின் கை தீர்மானித்தது. குகையால் முடியாத காரியத்தை ஒரு குளியலறை செய்து கொடுத்தது.

அறை இல்லாமலும் எதிரொலி செய்யலாம் என்பதை ஒலிநாடா காட்டியது. நாடாக் கருவியில் பதிவு செய்யும் தலை ஒன்று, ஒலிக்கச் செய்யும் தலை ஒன்று, இரண்டும் சிறிது தள்ளித் தள்ளி இருக்கும். நாடா நொடிக்கு 15 அங்குலம் ஓடுகிறது, இரு தலைகளுக்கும் இடைவெளி 3 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். பாடிய சொல் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் கழித்து மறுபடி கேட்கும். நாடாவின் வேகத்தைப் பாதியாக்கினால் இந்த நேரம் இரட்டிப்பாகும். நான்காம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்குதான் இது. 1957இல் ஜெர்மனியில் பெரிய எஃகுத் தகடு ஒன்றை அதிரவைத்து முழக்கம் உண்டாக்கும் கருவி வந்தது. அதன் எடை ஏறத்தாழ 270 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு மேடை மேடையாகப் போக முடியுமா? 1974இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் கைப்பெட்டி போன்ற நாடா எதிரொலிக் கருவியை வெளியிட்ட காலத்தில், மேடைக் கலைஞருக்கும் இந்த வசதி எளிதாகிவிட்டது.

இனி 'தடம்' என்ற சொல்லுக்கு வருவோம். முன்பெல்லாம் பாடகர், வயலின், தபேலா எல்லாம் ஒரே தடத்தில் ஒன்றாகப் பதிவாகும். ஒன்றில் பிழை வந்தால் எல்லாரும் மறுபடி தொடங்கவேண்டும். 1957இல் அமெரிக்க கிட்டார் கலைஞர் லெஸ் பால் எட்டுத் தடப் பதிவுக் கருவியைச் செய்வித்துப் பெற்றார். குரலுக்கு ஒரு தடம், தாளத்துக்கு ஒரு தடம் என்று ஒவ்வொன்றும் தனித்தனியே இருக்கும். கடைசியில் கலவை மேசையில், அதாவது மிக்சரில், அவற்றை ஒன்றுசேர்ப்பார்கள்.

எட்டுத் தடத்துக்கு எட்டு எதிரொலிக் கருவி வேண்டுமா? வேண்டியதில்லை. வயலுக்கு நீர் பாய்ச்சும் வாய்க்கால்களை நினைத்துக்கொள்வோம். எட்டு வாய்க்கால்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சிறு மடை. அந்த மடைகளின் வழியே போகும் நீர் ஒரே குளத்தில் சேர்கிறது. குளம் நிரம்பி வழியும் நீர் பெரிய கால்வாயில் கலக்கிறது. வாய்க்கால் என்பது தடம். மடை என்பது மிக்சரில் உள்ள அனுப்பும் திருகு. குளம்தான் எதிரொலிக் கருவி. குரலின் மடையை அரைவாசி திறக்கலாம், குழலுக்குக் கால்வாசி திறக்கலாம், மேளத்துக்கு அடைத்தே வைக்கலாம். ஒரு கருவி, பல தடங்கள், ஆளுக்கொரு அளவு.

எல்லாக் கருவியையும் இப்படிக் கிளை வழியில் வைக்கமுடியாது. மரத்திலிருந்து எடுத்த பால் முழுவதும் வடிகட்டி வழியாகப் போகவேண்டும். பாதியை வடிகட்டி, பாதியை வடிகட்டாமல் ஒன்றாக ஊற்றினால் வடிகட்டியதன் பயன் என்ன? அதுபோல இரைச்சலை நீக்கும் கருவியையும், சத்தத்தை அமுக்கிச் சமப்படுத்தும் கருவியையும் தடத்தின் நடுவிலேயே வைப்பார்கள். எதைக் கிளையில் வைப்பது, எதை நடுவில் வைப்பது என்று அறிவதே இத்தொழிலின் முதல் பாடம். ஒலிப்பதிவு அறையில் தவறினால் திரும்பச் செய்யலாம். மேடையில் அது நடவாது. ஆகவே கம்பிகளின் வழிகளை எல்லாம் முன்கூட்டியே அமைத்துவிட்டு, மடைகளை மட்டும் நேரத்துக்கேற்பத் திறந்து மூடவேண்டும்.

இந்தக் கலை இந்தியாவுக்கு வந்த கதை சுவையானது. அகமதாபாத் நகரில் 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. அதை உருவாக்கிய சாராபாய் குடும்பத்தைச் சேர்ந்த கீதா சாராபாய், 1946இல் நியூயார்க்கில் ஜான் கேஜ் என்ற இசையமைப்பாளருக்கு இந்திய இசையைக் கற்பித்தவர். அந்த நட்பின் வழியே, கேஜின் தோழரான பியானோ கலைஞர் டேவிட் டியூடர் 1969இல் அகமதாபாத் வந்து, மூக் என்னும் மின் இசைக் கருவியைக் கொண்டு ஓர் இசைக்கூடம் அமைத்தார். அந்தக் கருவியில் ஒலி எங்கிருந்து புறப்பட்டு எதன் வழியே போகிறது என்பதைக் கம்பிகளைச் செருகித்தான் அமைக்கவேண்டும். வழி மாறினால் இசை மாறும். ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரும் கீதா சாராபாயும் அங்கே இசை அமைத்தனர். டியூடரோ 1970இல் ஜப்பானின் ஒசாகா பொருட்காட்சியில், 37 ஒலிபெருக்கிகள் பொருத்திய ஒரு மண்டபத்தில் மேடை மின் இசையை நிகழ்த்தினார்.

அகமதாபாத் கூடம் சில ஆண்டுகளே நடந்தது. அங்கே பதிவான நாடாக்கள் நிறுவனத்தின் காப்பகத்தில் கிடந்தன. 2017இல் பால் பர்காஸ் என்ற கலைஞர் அவற்றைக் கண்டெடுத்தார். 2023இல் அவை இசைத்தொகுப்பாக வெளிவந்தன. நாடாக்கள் பத்திரமாக இருந்ததால்தான் அந்தப் பெயர்களை இன்று நாம் சொல்லமுடிகிறது.

அகமதாபாத்தில் செல்வந்தக் குடும்பத்தின் ஆதரவு இருந்தது. அத்தகைய ஆதரவு இல்லாத இடத்திலும் இக்கலை வளர்ந்தது என்பதற்கு ஜமைக்காத் தீவு சான்று. அது கரும்புத் தோட்டத் தீவு. ஆப்பிரிக்க அடிமைகளுக்குப் பின், 1845 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளையும் அங்கே கப்பலேற்றினார்கள். அத்தீவின் தலைநகரான கிங்ஸ்டனில் 1941இல் பிறந்தவர் ஆஸ்பர்ன் ரடக். கிங் டப்பி என்றால்தான் உலகுக்குத் தெரியும். ரேடியோவும் மின்கருவிகளும் பழுது பார்ப்பது அவர் தொழில். 1970களின் தொடக்கத்தில், வேறொரு நிலையம் பயன்படுத்திய நான்கு தட மிக்சரை வாங்கித் தம் வீட்டில் வைத்துக்கொண்டார். ஓடிக்கொண்டிருக்கும் பாட்டில் பாடகரின் ஒரே ஒரு சொல்லை எதிரொலிக்கு அனுப்புவார். அடுத்த நொடி குரலை நிறுத்திவிடுவார். பாடகர் இருக்கமாட்டார்; அவர் சொல் மட்டும் தாளத்தின்மேல் மிதந்துகொண்டே போகும். திரும்பிவரும் எதிரொலியையே மறுபடி எதிரொலிக்கு அனுப்புவார். அளவு மீறினால் ஊளையிடும் ஒலி அது. அவர் கைக்கு அடங்கிக் கிடந்தது. 'டப்' என்ற இசை வகை இப்படித்தான் உருவானது. "இவர் என்ன வாத்தியம் வாசிக்கிறார்?" என்ற கேள்விக்கு விடை இதுவே: மிக்சரே அவருடைய வாத்தியம். 1989இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நம் செவிகளுக்குப் பழக்கமான திரையிசைக்கு வருவோம். சிங்கப்பூரைக் கதைக்களமாகக் கொண்டு 1978இல் வெளியான 'ப்ரியா' படத்துக்கு இளையராஜா அமைத்த பாடல்கள், ஸ்டீரியோ முறையில் பதிவானவை என்று பெயர் பெற்றன. வலக் காதுக்கு ஓர் ஒலி, இடக் காதுக்கு வேறோர் ஒலி என்று பிரித்துக் கேட்டது நம்மவர்க்குப் புது அனுபவம். 1982இல் பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், மூன்று ஜப்பானியக் கருவிகளைக் கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். மால்கவுன்ஸ், யமன் ஆகியவை அவற்றுள் உண்டு. நம் கர்நாடக இசையின் ஹிந்தோளமும் கல்யாணியும் அவற்றுக்கு நெருங்கிய உறவு. அந்தப் புதுக் கருவிகளை அவர் சிங்கப்பூரில் வாங்கினார். தாளக் கருவியின் துடிப்பைக் கம்பி வழியே மற்றக் கருவிகளுக்கு அனுப்பி, எல்லாம் ஒரே காலப்பிரமாணத்தில் ஓடும்படி செய்தார். இசைத்தட்டு அப்போது விலைபோகவில்லை. 2010இல் மறுபதிப்பு வந்தபின் உலகம் திரும்பிப் பார்த்தது. எழுபது வயதை ஒட்டி ஐரோப்பிய மேடைகளில் அதே இசையை வாசித்துக் காட்டிவிட்டு, 2015இல் அவர் காலமானார்.

1983இல், வெவ்வேறு நிறுவனங்களின் மின் இசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கு 'மிடி' என்னும் பொதுமுறை வந்தது. 1986இல் 'புன்னகை மன்னன்' படத்தின் இசைக்குக் கணினி பயன்பட்டது. பின்னர் எதிரொலியின் நேரத்தையும் தாளத்தோடு கட்டிவிட்டார்கள். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு அரை நொடி. எதிரொலியும் அரை நொடியில் திரும்பினால் அடுத்த தட்டின்மேல் சரியாக வந்து விழும். குளியலறையும் நாடாவும் எஃகுத் தகடும் செய்த வேலை அனைத்தையும் இன்று ஒரு மடிக்கணினி செய்கிறது. ஆனால் வாய்க்கால், மடை, குளம் என்ற ஏற்பாடு மட்டும் மாறவில்லை.

நேயர்களே, சாலாக் செலாத்தான் நிலையத்தில் இலகு ரயில் ஏறினால், அதே தடத்தில் சில நிலையங்கள் தாண்டி புக்கிட் ஜாலில் வருகிறது. அங்கேயுள்ள தேசிய அரங்கம் 1998இல் திறக்கப்பட்டது. 2023 ஜனவரி 28 அன்று ஏ. ஆர். ரஹ்மானின் இசை நிகழ்ச்சி அவ்வரங்கில் நடந்தது. அந்த வட்டாரம் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். விடியுமுன் பிரட்டுக்குப் போன நம் மக்கள் பால் வெட்டிய மண். மேடையின் ஒலிபெருக்கிகள் முழங்கிய அந்த மண்ணில், நம் பாட்டிமார் தாலாட்டும் ஒப்பாரியும் பாடியிருக்கிறார்கள். அந்தக் குரல்கள் எந்தத் தடத்தில் பதிவாகியுள்ளன?

இங்கேதான் இந்த வரலாறு நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. எதிரொலியை எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம். குரலோடு சேர்ந்து ஒரே தடத்தில் பதிவாகிவிட்ட எதிரொலியைச் சுத்தமாகப் பிரித்தெடுப்பது மிகவும் கடினம். அதனால்தான் தேர்ந்த ஒலிப்பதிவாளர்கள் மூலக் குரலைக் கலப்பில்லாமல் ஒரு தடத்தில் வைத்துக்கொள்கிறார்கள். இன்று நம் பிள்ளைகளின் கையில் இருக்கும் கைப்பேசியே நல்ல பதிவுக் கருவி. பாட்டி பாடுவதைப் பதிவு செய்யும்போது மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்துங்கள். எதிரொலியோ பின்னணி இசையோ சேர்க்காதீர்கள். பாடுபவர் பெயர், தோட்டத்தின் பெயர், ஆண்டு ஆகியவற்றையும் அவர் குரலிலேயே சொல்லச் செய்யுங்கள். பின்னாளில் ஒரு பேரன் அந்தக் குரலுக்கு மின் இசை அமைத்து மேடையேற்ற விரும்பினால் தாராளமாகச் செய்யட்டும். மூலம் பத்திரமாக இருக்கும்.

கோயில் திருவிழாவிலும் இதே நியாயம்தான். எக்கோ திருகை முழுவதும் திருப்பிவிட்டால் அம்மன் தாலாட்டின் ஒரு சொல்லும் விளங்காது. மேளத்தின் மடையை அடைத்து, குரலின் மடையைக் கொஞ்சமாகத் திறந்தால் சொல்லும் பிழைக்கும், இசையும் பிழைக்கும். உறுமி மேளக் குழுவில் இருக்கும் இளைஞர்களில் ஒருவர் மிக்சரைக் கற்றுக்கொள்ளட்டும். உறுமி வாசிப்பவரைப் போலவே அவரையும் ஒரு கலைஞராக மதித்து, அழைப்பிதழில் அவர் பெயரையும் போடுவோம். கிங்ஸ்டனின் ரேடியோ பழுது பார்ப்பவர் கற்றதை நம் வீட்டுப் பிள்ளைகளாலும் கற்கமுடியும்.