28 நாள் பஞ்சாங்கம்

நம் வீட்டுப் பஞ்சாங்கம் ஓராண்டு செல்லும்; சித்திரை பிறந்ததும் புதியதை வாங்கி ஆணியில் மாட்டிப் பழையதைப் பரணில் போட்டுவிடுகிறோம். ஆகாய விமானிக்கு வாய்த்த பஞ்சாங்கத்தின் ஆயுளோ 28 நாளே. விமானத்தின் முகப்புப் பலகையில் பொருத்தியிருக்கும் ஜி.பி.எஸ். கருவி, செயற்கைக் கோள்களின் சமிக்ஞைகளைக் கொண்டு, விமானம் எந்த அட்சரேகையில், எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்பதைச் சில மீட்டர் பிசகாமல் கூறிவிடும். ஆனால் கீழே இருப்பது எந்த ஊர், அவ்வூர் நிலையத்தின் ஓடுபாதை எத்திசை நோக்கியது, அதன் நீளம் எவ்வளவு, எந்த அலைவரிசையில் பேச வேண்டும், மேகம் மூடிய நாளில் எவ்வழியே எவ்வளவு உயரத்தில் இறங்கி வர வேண்டும் என்பவற்றைச் செயற்கைக் கோள் அறியாது. அவை யாவும் கருவிக்குள் முன்கூட்டியே எழுதி வைத்த டேட்டாபேஸ் என்னும் தகவல் தொகுதியிலிருந்தே வர வேண்டும். அத்தொகுதியை 28 நாளுக்கு ஒருமுறை மாற்றுவதைப் பற்றிக் குறைப்படாத விமானி அரிது. அந்தத் தொல்லைக்கு ஒரு நீண்ட சரித்திரம் உண்டு. அதில் நியாயமான பாகமும் இருக்கிறது, நியாயமற்ற பாகமும் இருக்கிறது. இரண்டையும் பிரித்து அறிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்கத் தபால் இலாகா, ஆகாய மார்க்கமாகக் கடிதங்களை அனுப்பத் தொடங்கிய காலத்தில், விமானியின் கையில் வரைபடம் என்று சொல்லத்தக்கது ஒன்றும் இருக்கவில்லை. நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோ வரை எந்த ரயில் பாதையைத் தொடர்வது, எந்த ஆற்றைக் கடப்பது என்று மைல் கணக்கோடு விவரிக்கும் சிறு புத்தகம் ஒன்றை இலாகா 1921-இல் பிரசுரித்தது. அதே ஆண்டு பிப்ரவரியில், இரவிலும் தபால் பறக்க முடியும் என்று நிரூபிக்க வேண்டிய நிர்ப்பந்தத்தில், ஜாக் நைட் என்ற விமானி, தாம் அதற்குமுன் பறந்தறியாத ஒமாஹா–சிகாகோ மார்க்கத்தில், சாலை வரைபடத்தையும் ஊரார் வயல்களில் மூட்டிய தீயையும் துணையாகக் கொண்டு விடியும்வரை பறந்து சேர்ந்தார். பிறகு சுழல்விளக்குக் கோபுரங்களும், அவற்றின் அடியில் மஞ்சள் வர்ணம் பூசிய பெரிய கான்கிரீட் அம்புகளும் எழுந்தன. அம்பு வழியைக் காட்டிற்று. மலையின் உயரத்தைக் காட்டவில்லை.

அந்தக் குறையைத் தனி மனிதர் ஒருவர் தீர்க்கப் புகுந்தார். 1907-இல் லூயிசியானாவில் பிறந்து, ஆரிகனில் வளர்ந்த எல்ரே ஜெப்பெசன், 1930 வாக்கில் தபால் விமானியாகச் சேர்ந்தபோது, செயென் நகருக்கும் சால்ட் லேக் சிட்டிக்கும் இடையிலான மலைப் பிரதேசம் சக விமானிகள் பலரைப் பலி கொண்டிருந்தது. பத்து சென்ட்டுக்கு ஒரு கறுப்புக் குறிப்பேடு வாங்கினார். இறங்கும் ஒவ்வொரு மைதானத்தின் நீளத்தையும், அது எப்பக்கம் சரிகிறது, மழைநீர் எப்பக்கம் வடிகிறது என்பதையும், எந்த மூலையில் மரம், எந்த மூலையில் மின்கம்பம் என்பதையும் படம் போட்டு எழுதிக்கொண்டார். விடுமுறை நாட்களில் உயரமானியைச் சுமந்துகொண்டு குன்றுகள்மீதும் புகைபோக்கிகள்மீதும் தண்ணீர்த் தொட்டிகள்மீதும் ஏறி அவற்றின் உயரத்தைக் குறித்தார். மலையடிவாரத்துக் குடியானவர்களின் தொலைபேசி எண்களும் அந்த ஏட்டில் இருந்தன. புறப்படுமுன் அவர்களைக் கூப்பிட்டு, 'உங்கள் பக்கத்தில் மேகம் எப்படி?' என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவார். நவீன விமான சாஸ்திரத்தின் பெருமைகளைப் பேசுவோர் என்ஜினையும் இறக்கையையும் சொல்லுவார்கள். எனக்கு அந்தத் தொலைபேசி எண்களே பெரிதாகத் தோன்றுகின்றன.

நண்பர்கள் பிரதி கேட்டார்கள், கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். தொகை பெருகவே, 1934-இல் சால்ட் லேக் சிட்டியில் ஒரு வீட்டின் நிலவறையில் அச்சிட்டு, பிரதி பத்து டாலருக்கு விற்கத் தொடங்கினார். விமானப் பணிப்பெண்ணாக இருந்து அவருக்கு வாழ்க்கைத் துணையான நடீன் அம்மையார் வியாபாரத்திலும் துணை நின்றார். பிற்காலத்தில் உலகமெங்கும் விமானிகள் கையாண்ட ஜெப்பெசன் வரைபடங்கள் அந்த நிலவறையில் பிறந்தவையே. டென்வர் நகரத்து விமான நிலையக் கட்டடம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவருடைய ஏடு தாள்களைக் கழற்றி மாட்டத்தக்கதாக இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். விமானியின் வரைபடம் முற்றுப்பெறாத நூல் என்பதை அந்த மனிதர் முதல் நாளே உணர்ந்திருந்தார். அவருடைய ஸ்தாபனம் வளர்ந்தபின், மெல்லிய தாளில் அச்சிட்ட திருத்தங்கள் உறையிலிட்டுச் சந்தாதாரர்களுக்குத் தபாலில் வந்துகொண்டே இருந்தன. பழைய தாளை உருவி எறிந்து, புதியதை அதன் ஸ்தானத்தில், ஏழு வளையங்கள் கொண்ட கனத்த கோப்பில் செருகி, எந்தெந்தத் தாள் மாறியது என்று பதிவேட்டில் ஒப்பமிட வேண்டும். ஓட்டல் அறைகளில் அமர்ந்து துணை விமானிகள் இந்த வேலையைச் செய்தார்கள். ஒரு தாள் இடம் தவறினால் மழை இரவில் தேடும்போது அது அகப்படாது.

இவ்வளவு மாற்றங்கள் எங்கிருந்து வருகின்றன என்று வாசகர் கேட்கலாம். புதிய கோபுரம் எழுகிறது, வானொலி நிலையம் மூடப்படுகிறது, அலைவரிசை மாறுகிறது. இவை மனிதர் செய்பவை. பூமியே செய்யும் மாற்றமும் ஒன்று உண்டு. ஓடுபாதையின் எண் என்பது, காந்த வட திசையிலிருந்து அது விலகும் கோணத்தைப் பத்தால் வகுத்துக் கிடைப்பது. காந்த துருவம் ஓரிடத்தில் நில்லாமல் நகர்ந்துகொண்டே இருப்பதால், அசையாத கான்கிரீட்டுக்கும் பெயர் மாற்ற நேர்கிறது. லண்டனுக்கு அடுத்த ஸ்டான்ஸ்டெட் நிலையத்தில் 23 என்றிருந்த பாதை 2009-இல் 22 ஆயிற்று. ஃபுளோரிடாவின் டாம்பா நிலையமும் 2011-இல் தன் பாதைகளுக்கு இவ்வாறே எண்களை மாற்றி எழுதிற்று. தரையில் வர்ணம் பூசிய எண்ணும் விமானியின் கருவியில் உள்ள எண்ணும் ஒரே நாளில் மாறாவிட்டால் குழப்பம் விளையும். ஆகவே சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து ஸ்தாபனம், 'ஐராக்' என்ற ஒழுங்கை 1964-இல் வகுத்தது: முக்கியமான மாற்றங்கள் எல்லாத் தேசங்களிலும் 28 நாள் இடைவெளியில் வரும் குறிப்பிட்ட வியாழக்கிழமைகளில் மட்டுமே அமலுக்கு வரும், 28 நாள் முன்னதாகவே செய்தி உரியவர் கைக்குச் சேர்ந்துவிடும். ஒன்றோடொன்று பகை கொண்ட ராஜ்யங்களும் இந்த வியாழக்கிழமைக்குக் கட்டுப்படுகின்றன. மனித சமூகம் இவ்வளவு அமைதியாக ஒத்துக்கொண்ட காரியங்கள் சிலவே.

1970-களின் தொடக்கத்தில் வரைபடம் தாளை விட்டு யந்திரத்துக்குள் புகுந்தது. டி.சி. 10 போன்ற பெரிய விமானங்களில் கம்ப்யூட்டர் வழிகாட்டிகள் ஏறின. ஒவ்வொரு நிறுவனமும் தகவலை ஒவ்வொரு விதமாக எழுதி வைத்ததால், 1975-இல் 'ஏரிங்க் 424' என்ற பொது விதி வெளிவந்தது. அதன்படி ஒவ்வொரு தகவலும் 132 எழுத்திடங்கள் கொண்ட ஒரு வரியாகிறது. நினைவகம் சிறுத்திருந்த அந்நாட்களில் எந்த ஊரைச் சேர்ப்பது, எதை விடுவது என்று விமான நிறுவனங்கள் பொறுக்கி எடுக்க வேண்டியிருந்தது. ஒருமுறை அமைந்த ஏற்பாடு எளிதில் மாறுவதில்லை: போயிங் 747-400 விமானங்களுக்கு, மற்ற உலகம் மறந்துவிட்ட மூன்றரை அங்குல பிளாப்பி வட்டுகளிலேயே, 28 நாளுக்கு ஒருமுறை, 2020 வரையிலும் தகவல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

தாளில் இருந்த பிழையைக் கண் கண்டுபிடிக்கலாம். எண்ணாகிவிட்ட பிழை கண்ணுக்குத் தெரிவதில்லை. 1979 நவம்பர் 28 அன்று அண்டார்டிகாவைச் சுற்றிக் காட்டச் சென்ற நியூசிலாந்து விமானம் எரபஸ் மலையில் மோதி 257 பேர் மாண்டனர். முந்தைய ஆண்டு மார்க்கத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது தீர்க்கரேகையில் ஒரு எண் பிசகியிருந்தது. பிசகிய அந்த வழி, மலையை விட்டு விலகி, தட்டையான பனிக்கடல்மீது சென்றது. விமானிகளுக்குக் காட்டப்பட்டதும் அந்த வழியே. புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு யாரோ அதைத் திருத்தினார்கள். திருத்திய வழி மலைக்கு நேரே சென்றது. திருத்தியதை விமானிகளுக்கு யாரும் சொல்லவில்லை. குற்றம் எவருடையது என்பதில் விசாரணைகள் மாறுபட்டன. நீதிபதி பீட்டர் மஹன், சொல்லாமல் மாற்றியதே பிரதான காரணம் என்று தீர்மானித்தார். என் மனமும் அவர் பக்கமே சாய்கிறது.

1995 டிசம்பர் 20 இரவு கொலம்பியாவின் காலி நகருக்கு அருகே நிகழ்ந்தது வேறு விதம். விமானி ரோஸோ என்ற வானொலி நிலையத்தை நோக்கித் திரும்ப விரும்பி, வரைபடத்தில் கண்டபடி 'ஆர்' என்ற ஓரெழுத்தை அழுத்தினார். கருவியின் தொகுதியிலோ அந்த எழுத்து, போகோட்டாவுக்கு அருகில் சுமார் 130 கடல் மைல் தொலைவிலிருந்த ரோமியோ நிலையத்துக்கு உரியதாக இருந்தது. ரோஸோவை அதன் முழுப் பெயரை எழுதினால்தான் அழைக்க முடியும். விமானம் கீழ்த்திசை நோக்கித் திரும்பி மலையில் மோதிற்று. 159 பேர் இறந்தனர். பிற்பாடு மியாமி நீதிமன்றத்து ஜூரிகள் பொறுப்பைப் பங்கிட்டபோது, பெரும்பங்கை விமான நிறுவனத்தின்மீதும், 17 சதவீதத்தைத் தகவல் தொகுத்த ஜெப்பெசன் மீதும், 8 சதவீதத்தைக் கருவி செய்த ஹனிவெல் மீதும் சுமத்தினார்கள். தகவலைத் தொகுப்பதும் விமானம் ஓட்டுவதற்கு ஒப்பான பொறுப்புடைய காரியம் என்பதை அந்தத் தீர்ப்பு வெளிப்படையாகச் சொல்லிவிட்டது.

இவ்வளவும் பெரிய விமானங்களின் கதை. அவற்றுக்குத் தனி ஆட்கள் உண்டு. 1990-களில் ஜி.பி.எஸ். சிறு விமானங்களுக்கும் வந்தபோது, அந்த ஆட்களின் வேலை முழுவதும் சொந்தமாக விமானம் வைத்திருக்கும் ஒற்றை மனிதரின் தலையில் விழுந்தது. தொடக்கத்தில் தகவல் நிறைந்த கார்டு தபாலில் வரும். அதைச் செருகிவிட்டுப் பழையதைத் திருப்பி அனுப்ப வேண்டும். 1998-இல் வெளிவந்த கார்மின் ஜி.என்.எஸ். 430 எண்ணற்ற சிறு விமானங்களில் ஏறிற்று. அதன் உடைமையாளர் படும் பாட்டைச் சற்று அருகிலிருந்து பார்க்கலாம். விமானக் கொட்டகைக்குச் சென்று, கருவியின் முகத்திலிருந்து கார்டை நெம்பி எடுத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, அதற்கென்றே விற்கும் தனி அடாப்டரில் பொருத்திக் கம்ப்யூட்டரோடு இணைத்து, சந்தா எண்ணைக் கொடுத்து, பழையதை அழித்துப் புதியதை எழுதும்வரை காத்திருக்க வேண்டும். கருவி இரண்டானால் கார்டும் இரண்டு. மறுபடி கொட்டகைக்குப் போய்க் கார்டைச் செருகி, விசையைப் போட்டால், திரையில் அமலாகும் தேதியும் காலாவதித் தேதியும் தோன்றும். பார்த்தேன் என்று விமானி ஒரு பொத்தானை அழுத்தினால்தான் கருவி மேலே நகரும். நிலத்தின் மேடுபள்ளத்துக்கும் கோபுரங்களுக்கும் வேறு தொகுதிகள் உண்டு. அவற்றின் ஆயுட்காலங்களும் வேறு. அமெரிக்க விதிகளின்படி நீண்ட காலம் இந்தக் கார்டு மாற்றமும் பராமரிப்பு வேலையாகவே கருதப்பட்டு, ஒவ்வொரு முறையும் விமானத்தின் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டியிருந்தது. 2012-இல் செய்த திருத்தமே அந்தச் சுமையை நீக்கிற்று.

28 நாள் என்ற கெடுவில் நான் குறை காணவில்லை. அது மாண்டவர்கள் கற்பித்த ஒழுங்கு. குறை வேறிடத்தில் இருக்கிறது. ஓடுபாதைகளையும் இறங்கும் வழிகளையும் அளந்து நிர்ணயிப்பது, பெரும்பாலும் பொதுப் பணத்தில் இயங்கும் அரசாங்கமே. அமெரிக்க விமானத்துறை, தான் தொகுத்த இறங்கும் வழிகளை ஏரிங்க் 424 வடிவிலேயே யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டும் வருகிறது. ஆனால் அதை அப்படியே கார்டில் எழுதிச் செருக முடியாது. ஒவ்வொரு கருவியும் தன் நிறுவனம் பூட்டிய வடிவத்தை மட்டுமே ஏற்கிறது. அந்தப் பூட்டைத் திறக்க ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான டாலர் சந்தா கட்ட வேண்டும். சரிபார்த்து உருமாற்றும் உழைப்புக்குக் கூலி நியாயமே. ஆயினும் அதன் பாரம் தாங்காமல், சிறு விமானம் வைத்திருப்பவர் ஒருவர் பழைய தொகுதியோடு இன்னும் ஒரு மாதம் ஓட்டிவிடலாம் என்று நினைக்கத் தொடங்கினால், ஐராக் ஒழுங்கின் பயன் அந்த விமானத்தின் வாசலோடு நின்றுவிடுகிறது. கருவி செய்வோர், குறைந்தபட்சம் அரசாங்கம் இலவசமாகத் தரும் பகுதியையேனும், பூட்டின்றி, சந்தா இன்றி, விமானியே நேரே ஏற்றிக்கொள்ள வழி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் விமானத்துறை அதைக் கட்டாயமாக்க வேண்டும்.