விழித்திருக்கும் கருடன்

பெரம்பலூரிலோ அரியலூரிலோ ஆடிட்டர் அலுவலகப் பெயர்ப்பலகைகளைக் கவனித்தால், 'சிஏ' என்று இரண்டு நீல எழுத்துகளும் தலைகீழாகத் திருப்பிய ஒரு டிக் குறியும் கண்ணில் படும். பட்டயக் கணக்காளர்கள் போட்டுக்கொள்ள அனுமதியுள்ள சின்னம் அதுதான். அவர்களுடைய இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்துக்குத் தனியாக ஓர் இலச்சினை உண்டு. நடுவில் கருடன், கூடவே ஓர் உபநிடதத் தொடர். அதைத் தந்தவர் ஸ்ரீ அரவிந்தர்.

அதுவரை 'ரிஜிஸ்டர்டு அக்கவுண்டன்ட்' என்று அழைக்கப்பட்டவர்களுக்குச் சொந்தமாக ஓர் அமைப்பைத் தந்தது 1949ஆம் ஆண்டுச் சட்டம். அது ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இலச்சினைக்குப் பலரும் வரைந்து கொடுத்தார்கள். சென்னையைச் சேர்ந்த ஆடிட்டர் சி.எஸ். சாஸ்திரி மட்டும் அரவிந்தரிடம் கேட்டார். அரவிந்தர் 1926 முதலே தனிமையில் இருந்தவர். அடியார்களுக்கே ஆண்டில் சில நாட்கள்தான் தரிசனம். அவர் இருந்த புதுச்சேரியோ அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. சுதந்திர இந்தியாவின் கணக்காளர்களுக்கான அடையாளம் அங்கிருந்து வந்தது. முதல் கவுன்சிலின் முன் வைக்கப்பட்ட பல வடிவங்களில் அதுவே தேர்வானது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அரவிந்தர் மறைந்தார்.

அந்தத் தொடர் கடோபநிடதத்தில் வருகிறது. இறப்புக்குப் பின் என்ன என்று விடாமல் கேட்கும் நசிகேதனுக்கு எமன் சொல்லும் பதிலின் ஒரு பகுதி. எல்லாரும் உறங்கும்போது உள்ளே விழித்திருப்பவன் என்பது பொருள். எமன் பேசியது ஆன்மாவைப் பற்றி. வரவு செலவு பார்க்கும் தொழிலுக்கு இதை எடுத்துக் கொடுக்க ஒரு துணிச்சல் வேண்டும். எனக்கு இது மிகப் பொருத்தமாகவே படுகிறது. பங்கு வாங்கியவரும் கடன் கொடுத்த வங்கியும் கணக்குப் புத்தகத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க முடியாது. அவர்கள் உறங்கலாம் என்பதற்காகத்தான் ஆடிட்டரின் கையெழுத்து. உயரத்திலிருந்தும் கூர்ந்து பார்க்கும் பறவை அதற்குச் சரியான துணை.

உறங்கினால் என்ன ஆகும் என்பதை 2009 ஜனவரி 7 காட்டியது. சத்யம் மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் அன்று எழுதிய கடிதத்தில், ரொக்கமும் வங்கி இருப்புமாகக் காட்டிய தொகையில் 5,000 கோடி ரூபாய்க்கும் மேல் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். வங்கியிடமே நேராகக் கேட்டுச் சரிபார்க்க வேண்டிய தொகை அது. ஆண்டுக்கணக்காக அந்த ஐந்தொகைகளில் தணிக்கையாளர் கையெழுத்து இருந்தது. அந்தக் காலத்தில் சிறுசேமிப்பைப் பங்கில் போட்டவர்களை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

அரியலூர்ப் பக்கம் வந்தால் இந்த விழிப்பு எவ்வளவு கண்ணால் பார்க்கும் வேலை என்பது தெரியும். ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், சிமெண்ட் ஆலைகள். பங்குதாரர்களில் பலர் இந்தப் பக்கம் வந்ததே இருக்காது. ஆலையில் குவிந்து கிடக்கும் நிலக்கரியையும், சிமெண்டாக அரைபடும் கிளிங்கரையும் மூட்டை மாதிரி எண்ண முடியாது. குவியலின் நீள, அகல, உயரத்தை அளந்து, கன அளவு கண்டு, அடர்த்தியால் பெருக்கித்தான் எத்தனை டன் என்று சொல்ல வேண்டும். உயரத்தில் சிறிது பிசகினால் லாபமே மாறிவிடும். இருப்பின் மதிப்பு பெரியதாக இருந்தால், அந்த அளவெடுப்பின்போது ஆடிட்டர் தரப்பு அங்கே நிற்க வேண்டும் என்பது தணிக்கைத் தரநிலை. நிதியாண்டு முடிகிற மார்ச் வெயிலில், சிமெண்ட் தூசிக்கு நடுவே, ஆடிட்டரிடம் பயிற்சி பெறும் ஆர்ட்டிகிள்ஷிப் பிள்ளைகள் நோட்டும் பேனாவுமாக நின்று குறிப்பெடுக்கிறார்கள்.