அடுக்கு

‘அடு’ என்றால் நெருங்கு, சேர். அதிலிருந்து வந்தது அடுக்கு. ‘பாம்பு பாம்பு’ என்று ஒரே சொல் திரும்ப வந்தால் அடுக்குத்தொடர். ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பப் பெருக்கினால், எத்தனை முறை என்று தலையில் ஏறி நிற்கும் எண்ணும் அடுக்கு. இலங்கைப் பாடநூல்களில் அது சுட்டி. அடுக்கே மேல், நடப்பதையும் சொல்லிவிடுகிறதே!

தூத்துக்குடி, மன்னார் முத்து வணிகர்களின் பழைய கணக்கிலும் அடுக்கு உண்டு. மொத்த மஞ்சாடி எடையை வர்க்கமாக்கி, அதில் முக்காலை முத்துகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். விலை பேசியது அந்த அளவை வைத்துத்தான். ஒத்த முத்துகள் ‘ந’, ஒன்றின் எடை ‘எ’ என்று கொண்டு, பைத்தானின் சிம்பை நிரலகத்தில் 3*(ந*எ)**2/4/ந என்று கொடுத்தால் 3*எ**2*ந/4 என்று தானே சுருங்கிவிடும். முத்தின் எடை இரட்டித்தால் அளவு நான்கு மடங்கு. இரட்டை நட்சத்திரத்துக்குப் பதில் கூரைக்குறி போட்டால் பைத்தான் அதை அடுக்காகவே எடுத்துக்கொள்ளாது.