சுரங்க ஊரின் கைம்பெண் தாய்



நிலக்கரியின் வரலாற்றை எழுதினோர் பலர். நீராவி இயந்திரத்தைப் பற்றியும், இருப்புப் பாதையைப் பற்றியும், கடல் கடந்த புகைக்கப்பல்களைப் பற்றியும் நாம் நிறையப் படித்திருக்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நமது கொழும்புத் துறைமுகத்துக்கு வந்து போன கப்பல்களுட் பல, பிரித்தானியச் சுரங்கங்களில் வெட்டிய கரியை எரித்தே ஓடின. அக்கரியை வெட்டிய ஆடவரைப் பற்றியும் நூல்கள் உள. ஆயினும், காலையில் குழிக்குள் இறங்கியவன் மாலையில் மீளாதபோது அவன் மனைவியின் கதி யாதாயிற்று என்ற வினாவை வரலாற்றாசிரியர் நெடுங்காலம் கேட்கவில்லை. அவ்வினாவையே இன்று எடுத்துக்கொள்வோம்.

நாம் செல்லும் இடம் இங்கிலாந்தின் வடகிழக்கேயுள்ள நோதம்பர்லாந்து, டர்ஹாம் என்னும் மாவட்டங்கள். அங்கே சுரங்க ஊர் என்பது, சுரங்க முதலாளி கட்டுவித்த சிறு வீடுகளின் நெடிய வரிசைகளேயாம். வீட்டுக்கு வாடகை இல்லை. அடுப்பெரிக்கும் கரியும் சுரங்கத்திலிருந்தே கிடைத்தது. இவ்விரண்டும் சம்பளத்தின் பகுதியாக எண்ணப்பட்டன. கேட்பதற்கு நல்ல ஏற்பாடாகவே தோன்றும். ஆனால், அவ்வீடு தொழிலாளியின் வேலையோடு கட்டுண்டு கிடந்தது. வேலை செய்யும் கை ஓய்ந்தால் கூரையும் போய்விடும். இந்த ஒரு நிபந்தனையை நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். கைம்பெண்ணின் கதை முழுவதும் இதனைச் சுற்றியே நடக்கிறது.

கணவன் உயிரோடிருந்த காலத்திலும் அத்தாய்க்கு ஓய்வில்லை. தந்தை ஒரு நேரத்திலும் மக்கள் வேறு நேரத்திலும் சுரங்கத்துக்கு இறங்குவர். ஒருவன் உறங்கப் போகையில் மற்றொருவனை எழுப்பவேண்டும். கரி படிந்து வந்தவர் குளிக்க நீர் சுமந்து, அதனை அடுப்பிலே காய்ச்சி, கணப்பின் முன்னே தொட்டியில் ஊற்றிக் கொடுக்கவேண்டும். நனைந்த உடைகளை உலர்த்தி, தூசு தட்டித் தைத்து வைக்கவேண்டும். இவ்வுழைப்புக்குச் சம்பளப் பட்டியலில் இடமில்லை. ஆயினும் இவ்வுழைப்பின்றி ஒருநாளேனும் சுரங்கம் நடந்திராது.

சுரங்கச் சாவு என்றதும் பெரிய வெடிவிபத்துக்களே நம் நினைவுக்கு வரும். உண்மையில் தொழிலாளருட் பெரும்பாலோர் ஒருவர் இருவராகவே மாண்டனர். மேற்கூரையிலிருந்து பெயர்ந்து விழுந்த கல்லும், தடம் புரண்ட கரிவண்டியும், அறுந்த கயிறும் அவர்களைக் கொன்றன. இத்தகைய சாவு செய்தித்தாளில் இரண்டு வரிகளோடு முடிந்துவிடும். நாடு முழுவதையும் திரும்பிப் பார்க்கச் செய்ய, ஒரே நாளில் ஓர் ஊரே அழியவேண்டியிருந்தது. அவ்வாறு அழிந்த ஊர் ஹாட்லி. பருத்தித்துறைக் கல்லூரியின் பெயரை அறிந்த நேயர்களுக்கு இச்சொல் புதிதாயிராது. எனினும் இது நோதம்பர்லாந்தின் கடற்கரையோரத்துச் சுரங்க ஊரொன்றின் பெயர்.

1862ஆம் ஆண்டு தை மாதம் 16ஆந் திகதி, வியாழக்கிழமை. முற்பகலில் வேலைமுறை மாறும் வேளை. இறங்கியவரும் ஏறவேண்டியவரும் ஆக இரு முறையினரும் சுரங்கத்தினுள்ளே இருந்தனர். அச்சுரங்கத்துக்குக் கிணறு போன்ற வாயிற்குழி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மனிதர் இறங்குவதும், கரி ஏறுவதும், நீர் இறைப்பதும், காற்றுப் போய் வருவதும் அவ்வொரு குழியின் வழியேதான். குழியின் மேலே நீரிறைக்கும் பெரிய இயந்திரம். அதன் இரும்பு உத்தரம் 42 தொன் நிறையுள்ளது. அன்று அவ்வுத்தரம் திடீரென இரண்டாக முறிந்தது. முறிந்த பாதி குழிக்குள் விழுந்து, பக்கச் சுவர்களின் மரங்களையும் கற்களையும் பெயர்த்துக்கொண்டு போய் வழியை அடைத்துவிட்டது. அப்பொழுது கூண்டில் ஏறிக்கொண்டிருந்த எண்மருள் ஐவர் மாண்டனர். கீழே 199 பேர் அகப்பட்டுக்கொண்டனர்.

குழி தோண்டுவதில் வல்லவரான வில்லியம் கூல்சன் என்பவரின் தலைமையிலே மீட்பாளர் இரவு பகலாக உழைத்தனர். குழியின் வாயிலிலே பெண்கள் பனியில் நின்றனர். ஒரு நாள் போயிற்று, இரு நாள் போயிற்று. ஆறாம் நாள், 22ஆந் திகதி, வழி திறந்தது. உள்ளே ஒருவரும் உயிரோடில்லை. நச்சு வாயு அவர்களை முன்னரே உறக்கத்தில் ஆழ்த்திவிட்டது. தந்தையர் அருகே மைந்தரும், அண்ணன் அருகே தம்பியுமாக அவர்கள் கிடந்தனர். மேற்பார்வையாளர் ஒருவரின் சட்டைப்பையிலே, அடைபட்டோர் கூடிப் பிரார்த்தனை செய்ததைக் குறித்த சிறு குறிப்பு ஒன்று கிடைத்தது. மாண்டவர் மொத்தம் 204 பேர். அவர்களுள்ளே பதினைந்து வயது நிரம்பாத சிறுவர் பலர். ஊரின் எத்தனையோ வீடுகளில் ஆண் என்று சொல்ல ஒருவருமில்லை.

அப்பொழுது விக்ரோறியா மகாராணியாரும் கைம்பெண். அவர்தம் கணவர் அல்பேட் இளவரசர் அதற்கு முந்திய மார்கழி 14ஆந் திகதியே காலமாகியிருந்தார். ஹாட்லியின் கைம்பெண்களுக்கும் தாய்மார்க்கும் மகாராணியார் இரக்கச் செய்தி அனுப்பினார். தமது துயரம் அவர்களுடைய துயரத்தை மேலும் உணரச் செய்கிறது என்பது அதன் கருத்து. அரண்மனையிலும் சுரங்க வரிசையிலும் கண்ணீர் ஒன்றே என்பதில் ஐயமில்லை. ஆனால் கண்ணீர் உலர்ந்தபின் வரும் நாட்கள் ஒன்றல்ல. சுரங்கத்துக் கைம்பெண்ணின் முன்னே மறுநாட் காலையிலேயே நின்றவை இரண்டு கேள்விகள். பிள்ளைகளுக்கு உணவு எங்கே? இந்த வீட்டில் இன்னும் எத்தனை நாள்?

ஹாட்லிக் குடும்பங்களுக்காக நாடெங்கும் நிதி திரண்டது. ஏழையும் செல்வரும் கொடுத்தனர். அந்நிதியால் அவர்கள் பட்டினியிலிருந்து தப்பினர். ஆனால் நாம் முன்னர் சொன்ன அந்த ஒருவர் இருவராக மாண்டோரின் மனைவியர்க்கு யார் நிதி திரட்டுவார்? அவர்களுக்குத் திறந்திருந்த வழிகளைப் பார்ப்போம்.

முதலாவது, ஏழைகளுக்கான சட்டத்தின்கீழ்க் கிடைத்த உதவி. 1834ஆம் ஆண்டின் அச்சட்டம் உதவி கேட்போரை ஏழையர் விடுதிக்குள் தள்ளுவதையே நோக்கமாகக் கொண்டிருந்தது. பிள்ளையுள்ள கைம்பெண்களுக்கு விதிவிலக்கு இருந்தமையால், வீட்டிலிருந்தபடியே வாரந்தோறும் சிறு தொகை பெறலாம். அத்தொகை வயிற்றை நிரப்பாது. அதனைக் கேட்டு நிற்பதோ பெரும் நாணமாகக் கருதப்பட்டது. இரண்டாவது, பிறர் துணியை வெளுப்பது, தையல் வேலை செய்வது, முன்னறையிலே சிறு கடை வைப்பது. மூன்றாவது, மணமாகாத தொழிலாளரை வீட்டில் தங்கவைத்துச் சமைத்துப் போடுவது. நான்காவது, மறுமணம். இதனை மனத்தின் விருப்பமென்று மட்டும் சொல்லிவிட முடியாது. பல பெண்களுக்கு அது கூரையைக் காக்கும் வழியாயிருந்தது.

ஐந்தாவது வழி ஒன்றுண்டு. அதுவே எல்லாவற்றிலும் கொடியது. மகனைச் சுரங்கத்துக்கு அனுப்புவது. வீட்டில் வேலை செய்யும் ஆண் ஒருவன் இருந்தால் வீட்டைக் கேட்கமாட்டார்கள். கணவனைக் கொன்ற அதே குழிக்கு, அவன் நினைவு மாறுமுன்னே, சிறுவனை எழுப்பிச் சோறு கட்டி அனுப்பவேண்டும். தாயின் அன்பு அவனை வேண்டாமென்று தடுக்கும். தாயின் கடமை மற்றைப் பிள்ளைகளின் பசியைக் காட்டி அவனைப் போகச் சொல்லும். அத்தாய்மாருட் பலருக்கு எழுத்தறிவில்லை. தம் மனத்தில் நடந்த போராட்டத்தை எழுதிவைக்க அவர்களுக்கு வழியில்லை. ஆனால் சட்டங்கள் அதன் சுவட்டைக் காட்டுகின்றன. 1842ஆம் ஆண்டுச் சட்டம் பத்து வயதுக்குட்பட்ட சிறுவரை நிலத்தின்கீழ் வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. 1860இல் அவ்வயது பன்னிரண்டாயிற்று. எழுதப் படிக்கத் தெரியுமென்ற சான்றிதழ் இருந்தால் பத்து வயதிலும் இறங்கலாம். ஒவ்வொரு வயதெல்லையும் பிள்ளைக்குக் காவல். ஆயினும் அதே எல்லை கைம்பெண்ணின் வீட்டில் இன்னும் இரண்டு ஆண்டு வறுமையாகவும் அமைந்தது.

1842ஆம் ஆண்டின் சட்டம் பெண்களையும் சுரங்கத்திலிருந்து விலக்கியது. நோதம்பர்லாந்திலும் டர்ஹாமிலும் பெண்கள் அதற்கு நெடுங்காலம் முன்னரே குழிக்குள் இறங்குவதை விட்டிருந்தனர். கிழக்கு ஸ்கொத்லாந்திலோ, பெண்கள் முதுகிலே கரிக்கூடை சுமந்து ஏணிகளில் ஏறினர். அக்கொடுமையை ஒழித்தது நற்செயலே. அதனை யாரும் மறுக்கமாட்டார். ஆனால் கரி சுமந்தே பிள்ளைகளை வளர்த்த கைம்பெண்ணுக்கு, அச்சட்டம் வேலையை எடுத்துக்கொண்டதேயன்றி மாற்றுவேலை எதனையும் கொடுக்கவில்லை. லங்காஷயரின் விகன் பகுதியிலே பெண்கள் சுரங்கத்தின் மேலே, திறந்த வெளியில், கரியைப் பொறுக்கித் தெரியும் வேலையைத் தொடர்ந்து செய்தனர். அதையும் தடுக்கவேண்டுமென்று 1887இல் முயற்சி எழுந்தபோது, அப்பெண்கள் இலண்டனுக்கே சென்று தம் பிழைப்பைக் கெடுக்கவேண்டாமென்று முறையிட்டனர். அத்தடை நிறைவேறவில்லை.

இனி, நீதிமன்றத்தின் கதவைத் தட்டலாமே என்று நேயர்கள் கேட்கலாம். பிறர் தவறினால் ஒருவர் மாண்டால் அவர் குடும்பம் நட்டஈடு கேட்கலாமென்று 1846இல் ஒரு சட்டம் வந்தது. ஆனால் 1837ஆம் ஆண்டின் தீர்ப்பொன்றிலிருந்து வளர்ந்த ஒரு கொள்கை வழியை மறித்தது. உடன் தொழிலாளியின் தவறினால் நேர்ந்த தீங்குக்கு முதலாளி பொறுப்பல்லர் என்பது அக்கொள்கை. ஸ்கொத்லாந்துச் சுரங்கமொன்றிலே வாயு வெடித்து மாண்ட தொழிலாளியின் தாய் ஒருத்தி பிரபுக்கள் சபைவரை வழக்காடினாள். 1868இல் வந்த தீர்ப்பு யாதெனின், சுரங்கத்தை நடத்திய மேலாளரும் அவள் மகனுக்கு உடன் தொழிலாளியே என்பதாம். கட்டளையிட்டவரும் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவனும் சட்டத்தின் கண்ணில் ஒன்றாயினர். தாய் வெறுங்கையோடு திரும்பினாள்.

சட்டம் கைவிட்ட இடத்தில் தொழிலாளரே ஒருவர்க்கொருவர் துணையாயினர். ஹாட்லி விபத்து நடந்த அதே 1862ஆம் ஆண்டில், நோதம்பர்லாந்து, டர்ஹாம் சுரங்கத் தொழிலாளரின் நிலையான உதவி நிதி ஒன்று தொடங்கப்பட்டது. உயிரோடிருப்போர் தம் சம்பளத்திலிருந்து சில பென்னிகளைச் செலுத்தினர். இருநூறு பேரோடு மாண்டாலும், தனியொருவனாய் மாண்டாலும், அவன் மனைவிக்கு அதிலிருந்து பணம் கிடைத்தது. அதே ஆண்டில், ஒவ்வொரு சுரங்கத்துக்கும் இரு வாயில்கள் இருத்தல் வேண்டுமென்ற சட்டமும் நிறைவேறியது. 204 உயிர்களின் விலை அவ்விரண்டாவது வாயில்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1894ஆம் ஆண்டு ஆனி மாதம் 23ஆந் திகதி, தென் வேல்சிலே சில்வினித் என்னும் ஊரின் அல்பியன் சுரங்கத்தில் வெடிவிபத்து நேர்ந்து 290 பேர் மாண்டனர். அன்றே அரச குடும்பத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. சில நாட்களின் பின் பாராளுமன்றம் குழந்தையின் பிறப்புக்கு வாழ்த்துக் கூற முனைந்தது. முன்னாட் சுரங்கத் தொழிலாளியான கெயர் ஹாடி என்னும் உறுப்பினர், மாண்டோர் குடும்பங்களுக்கு அநுதாபச் செய்தியும் சேர்க்கப்படவேண்டுமென்று கேட்டார். சபை அதனை ஏற்கவில்லை. 1862இல் வந்த இரக்கம் 1894இல் வரவில்லை. இரக்கம் என்பது கொடுப்போரின் மனநிலையைப் பொறுத்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

மூன்றாண்டுகளில், 1897இல், தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் பிறந்தது. யாருடைய தவறு என்ற கேள்வி பெரும்பாலும் ஒழிந்தது. வேலையின்போது நேர்ந்த விபத்தால் ஒருவன் மாண்டால், அவனை நம்பி வாழ்ந்தவர்க்கு மூன்றாண்டுச் சம்பளம் அல்லது 150 பவுண், இவற்றுட் பெரியது எதுவோ அது, 300 பவுணுக்கு மேற்படாமல் கொடுக்கப்படவேண்டும். 1925ஆம் ஆண்டின் சட்டமோ, காப்புறுதி செய்யப்பட்ட தொழிலாளரின் கைம்பெண்ணுக்கு வாரம் 10 சிலிங்கும், மூத்த பிள்ளைக்கு 5 சிலிங்கும், ஏனைய பிள்ளைகளுக்குத் தலைக்கு 3 சிலிங்கும் ஓய்வூதியமாக வகுத்தது. தொகை சிறிது. ஆயினும் அதனைப் பெறுபவள் எவர் முன்னும் தலைகுனிந்து நிற்கவேண்டியதில்லை. முன்னர் இரந்து பெற்றதை அவள் இப்போது உரிமையாய்ப் பெற்றாள்.

பிரித்தானியாவின் கடைசி ஆழ்நிலக்கரிச் சுரங்கமான கெலிங்லி 2015 மார்கழியில் மூடப்பட்டது. ஹாட்லியில் மாண்டோர்க்கு ஏர்ஸ்டன் என்னும் ஊரின் கோயிற் காணியில் எழுப்பிய நினைவுத்தூண் இன்றும் நிற்கிறது. மாண்ட ஆடவர், சிறுவர் பெயர்கள் அதில் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களை அடக்கம் செய்துவிட்டு வீடு திரும்பி, அன்று மாலையே அடுப்பு மூட்டிய பெண்களுக்குத் தூண் இல்லை. விபத்தில் இறந்த தொழிலாளியின் மனைவி இன்று நட்டஈடு கேட்டு விண்ணப்பம் எழுதும்போது, அவளுக்கு அந்த உரிமை எவ்வாறு வந்தது என்பதை எண்ணிப் பார்ப்போமாயின், அப்பெண்களை நாம் நினைத்தவர்களாவோம்.