மாயப்பெட்டிக்கு என்ன நிறம்?

மந்திர் மார்க் முன்னாளில் ரீடிங் ரோடு என வழங்கியது. பெயர் மாறினும், தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி அங்கே இருப்பதால் அது நம் குடும்பங்களுக்கு உரிமை வீதியே. ஆண்டுவிழா நெருங்கினால் நம் வீடுகளில் அட்டையும் பசையும் வெளிப்படும். பிள்ளைகள் விரும்புவது ‘மாயாபஜார்’ என்றால், கடோற்கஜனுக்குக் கதாயுதமும் வத்ஸலைக்கு மாயப்பெட்டியும் செய்தாக வேண்டும். செய்யப் புகுந்தவுடன் எழும் ஐயம், அப்பெட்டிக்கு என்ன நிறம் என்பதே.

1957இல் வெளிவந்த அப்படம் கறுப்பு வெள்ளைப் படம். கே. வி. ரெட்டி தெலுங்கிலும் தமிழிலுமாக அதனை இயக்கினார். தெலுங்கில் நாகேஸ்வர ராவ் ஏற்ற அபிமன்யு வேடத்தைத் தமிழில் ஜெமினி கணேசன் ஏற்றார். சாவித்திரியும் ரங்கா ராவும் இரண்டிலும் உண்டு. கோகலேயும் கலாதரும் அரங்கப் பொருள்களை அமைத்தனர். 50 அடிக்கு 60 அடி இடத்தில் 300க்கு மேற்பட்ட சிறு வீடுகளை அடுக்கித் துவாரகை நகரையே எழுப்பிவிட்டார்கள்! அதனை நிலவொளியில் மிதப்பதுபோல் காட்டியவர் ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி. ஆனால் கறுப்பு வெள்ளைச் சுருளில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாய்ப் பதியக்கூடும். 2010இல் தெலுங்குப் படத்துக்கு வண்ணமேற்றி வெளியிட்டனர்; அது கணிப்பொறி கொண்டு பின்னாளில் பூசிய வண்ணமாதலின் நாம் அதனைச் சான்றாகக் கொள்வதற்கில்லை.

ஆகவே படத்துக்கும் முந்தியதை நாடுவோம். வத்ஸலை கல்யாணம் வியாச பாரதத்தில் இல்லாத கதை; கூத்திலும் மேடை நாடகத்திலும் வளர்ந்தது. வட தமிழகத்துக் கட்டைக்கூத்தில் கிரீடம், புஜகீர்த்தி, மார்பதக்கம் யாவும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கப்படுவன. விடிய விடிய ஆடுபவன் தாங்க வேண்டுமே, அதனால் கனமற்ற மரம். அதன்மேல் வண்ணத்தாளும் கண்ணாடிச் சில்லும் ஒட்டுவர்; விளக்கொளி பட்டதும் அரசன் சுடர்விடுவான். திரைப்படப் பொருளைக் காண்பது கேமராவின் ஒற்றைக் கண். ஒருபுறம் அழகாயிருந்தால் போதும். கூத்துப் பொருளையோ மூன்று புறமும் அமர்ந்து ஊரே பார்க்கும். நம் மேடைக்கு ஏற்றது கூத்தின் வழியே. பெட்டிக்கு அரக்குச் சிவப்பு, விளிம்பில் பொன் தாள், மூலைகளில் கண்ணாடி என்பது நம் தீர்ப்பு.

கதாயுதத்துக்குக் களிமண் உருண்டை ஒன்று பிடித்து, அதன்மேல் செய்தித்தாள் துண்டுகளை ஏழெட்டு அடுக்காக ஒட்டவேண்டும். நன்கு காய்ந்தபின் இரண்டாக அறுத்து, மண்ணை நீக்கி, மீண்டும் பொருத்தினால் ஐந்து வயதுக் கடோற்கஜனும் தூக்குவான். பூச்சி அரிக்காதிருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பது பழைய வழக்கம். அது நஞ்சு, பிள்ளைகள் தொடும் பசைக்கு வேண்டாம். தில்லிக் குளிரில் காய நாளாகும் என்பதையும் மறவாதீர். பொன் தாளும் சரிகையும் கினாரி பஜாரில் ராமலீலா மகுடங்களுக்கு நடுவே கிடைக்கும். மூங்கிலும் காகிதமும் கொண்டு ஆளுயரத்தைக் கடந்த உருவை எப்படி நிறுத்துவது என்று அறிய விரும்பினால், தசராவுக்கு முன் தீதார்பூர் சென்று ராவணன் எழும்புவதைப் பார்த்து வாருங்கள்.

இவ்வளவு உழைப்பு எதற்கு, கடையில் பிளாஸ்டிக் கதாயுதம் கிடைக்குமே என்பாரும் உளர். கடையில் வாங்கினால் புஜகீர்த்தி என்ற சொல் வராது. தோளில் கட்டுவதை ஹிந்தியில் ஏதோ சொல்லிக் கேட்கும் சிறுமி, அதனைத் தானே வெட்டி ஒட்டி முடிப்பதற்குள் அச்சொல்லை நூறு முறை கேட்டுவிடுகிறாள். தமிழ் எழுத்து வசப்படாத பிள்ளைக்கும் இவ்வாறு பத்துச் சொற்கள் கைவழியே ஏறுகின்றன.

இனிப் பெட்டியின் மாயம். திறந்து பார்ப்பவர்க்கு அன்புக்குரியவர் உரு அதில் தோன்ற வேண்டும். கண்ணாடி பதித்தால் வத்ஸலை தன்னையே கண்டு மகிழ்வாள், கதை கெடும். உள்ளே அபிமன்யுவின் படத்தை வைத்து, முன்னே மெல்லிய சல்லாத்துணியை இழுத்துக் கட்டுங்கள். வெளிவிளக்கு எரியும்வரை துணி மட்டுமே தெரியும். அதனைத் தணித்துவிட்டு உள்ளே சிறு டார்ச் பல்பை ஏற்றினால் முகம் மெல்லத் தெளியும். அதன் விசை பெட்டிக்கு அடியில், வத்ஸலையின் பெருவிரல் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.