காலிமுகத்திடலும் ரப்பர்ப் பந்தும்

கொழும்பு மாநகரத்துக்குச் செல்வோர் தவறாது கண்டுவரும் காலிமுகத்திடல், மேற்கே அலைகடலும் தெற்கே 1864ஆம் ஆண்டு முதல் நிற்கும் காலிமுக ஹோட்டலும் எல்லைகளாக அமைந்த பரந்த புல்வெளியாகும். அதன் கடலோரப் பாதையைச் சர் ஹென்றி வார்டு என்னும் கவர்னர் 1856இல் தொடங்கி 1859இல் முடித்து, நகரத்துப் பெண்டிரும் குழந்தைகளும் உலாவுதற்பொருட்டுத் தமக்குப் பின்வருவோர் பேணுமாறு வேண்டிக்கொண்டதை அங்குள்ள நினைவுக்கல் அறிவிக்கிறது. குதிரைப் பந்தயங்கள் நடந்துவந்த அந்தத் திடலில், 1880ஐ ஒட்டிக் கொழும்பு கோல்ஃப் சங்கம் தோன்றியபோது, கோல்ஃப் ஆட்டமும் குடிபுகுந்தது.

கடற்கரைக்கும் அவ்வாட்டத்துக்கும் உள்ள சம்பந்தம் தொன்மையானது. கடலுக்கும் கழனிக்கும் நடுவே, ஏர் செல்லாமல் ஆடு மேயவே விடப்பட்ட மணற்பாங்கான நிலத்தில்தான் ஸ்காட்லாந்து மக்கள் அதை வளர்த்தார்கள். ஓர் ஆட்டத்துக்குப் பதினெட்டுக் குழிகள் என்ற நியதிக்கும், 1764இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் கரையோர ஊரில் செய்த மாற்றமே மூலம். இலங்கையின் தோட்டத் துரைகளிலும் வணிகர்களிலும் ஸ்காட்லாந்தினர் பலராதலின், கடற்காற்று வீசும் காலிமுகம் அவர்களுக்குத் தாயகத்தை நினைவூட்டியிருத்தல் இயல்பே. அத்தகைய நிலத்தில் ஆடுவோன் தன் வலிமையைக் காட்டிலும் காற்றையே முதலில் கணிக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று உரத்து வீசும் மாதங்களில் உயர எழும்பிய பந்து திசைமாறிப் போகும் என்பதனால், தேர்ந்தவன் அதைத் தாழ்வாகவே செலுத்துவான்.

அந்தப் பந்தின் சரித்திரம் ஆட்டத்தின் சரித்திரத்தைவிட நமக்கு நெருக்கமானது என்பது என் கருத்து. ஆதியில் தோலுறைக்குள் பறவையிறகைத் திணித்துத் தைத்த பந்துகளே வழங்கின. கைதேர்ந்த தொழிலாளியும் நாளொன்றுக்கு மூன்று நான்குக்கு மேல் செய்ய இயலாமையால் அவற்றின் விலை மிகுந்திருந்தது. 1848ஐ ஒட்டி, மலேயாக் காடுகளில் மரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் கட்டாபெர்ச்சா என்னும் பொருளால் பந்து உருட்டும் முறை பரவியது. கீழ்த்திசையிலிருந்து செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு அனுப்பப்பட்ட ஒரு விஷ்ணு விக்கிரகம் உடையாதிருக்கும்பொருட்டுப் பெட்டியில் இட்டிருந்த கட்டாபெர்ச்சாத் துண்டுகளே இதற்கு வித்தாயின என்று ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. செஞ்சியை அடுத்த எங்கள் தொண்டூரில் பாறைமேல் அரவணையில் பள்ளிகொண்ட பெருமாளைக் கண்டு வளர்ந்த எனக்கு, மெய்யோ பொய்யோ, அந்தக் கதையில் தனிப்பற்று உண்டாகிவிட்டது. வழவழப்பான புதுப்பந்தைவிட அடிபட்டுத் தழும்பேறிய பழம்பந்து நேராகப் பறப்பதைக் கண்ட பின்னரே, பந்தின்மேல் வேண்டுமென்றே வடு பதிக்கும் வழக்கம் தோன்றியது. பாலுக்காக மரத்தையே வெட்டி வீழ்த்தியதால் காடுகள் அழிந்தது துயரமான விளைவு.

1898இல் அமெரிக்கரான கோபர்ன் ஹாஸ்கெல், ரப்பர் இழையை இறுகச் சுற்றிப் பந்து செய்யும் முறையைக் கண்டார். 1902இல் இங்கிலாந்தின் ஹாய்லேக் கடற்கரையில் நடந்த ஓப்பன் போட்டியில் சாண்டி ஹெர்டு அத்தகைய பந்தால் வென்றதும், பழைய பந்தின் காலம் முடிந்தது. இதே காலத்தில்தான், 1876இல் இலங்கையின் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்த பிரேசில் நாட்டு ரப்பர்க் கன்றுகளின் சந்ததி, களுத்துறை, கேகாலைப் பகுதிகளில் பெருந்தோட்டங்களாகப் பரவத் தொடங்கியது. விளைந்த ரப்பரில் பெரும்பகுதி மோட்டார் வண்டிச் சக்கரங்களுக்கே போயிற்று; சிறுபகுதி பந்தாயிற்று. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்களுள் மிகப் பலர், கங்காணிகளின் சொல்லை நம்பியும் பஞ்சத்துக்கு அஞ்சியும் சேலம், திருச்சி, மதுரை, ஆர்க்காட்டு ஜில்லாக்களிலிருந்து கடல் கடந்த தமிழர்கள். பால் நன்றாகச் சுரக்கும் விடியற்குளிரில் எழுந்து, பட்டையைச் சாய்வாகச் சீவி, சிரட்டையைப் பொருத்தி, வடிந்த பாலைச் சேர்த்து உறையவைத்துத் தகடாக்கிப் புகைபோடுதல் அவர்களது நித்திய தொழில். தாம் வடித்த பால் எந்தச் சீமான் அடிக்கும் பந்தாயிற்று என்று அறியும் வாய்ப்பு அவர்களுக்கு ஏது?

கோல்ஃப் சங்கம் 1896இல் காலிமுகத்தை விட்டுப் பொரளைப் பக்கத்து நிலத்துக்குப் பெயர்ந்து, கவர்னர் ரிட்ஜ்வேயின் பெயரைத் தன் ஆடுகளத்துக்குச் சூட்டியது. 1928இல் அரச விருதும் பெற்றது. கடற்காற்றை இழந்த அப்புதிய களத்தின் ஊடே களனிப் பள்ளத்தாக்கு ரயில்பாதை செல்கிறது. மலையடிவாரத்துத் தோட்டங்களின் தேயிலையும் ரப்பரும் அவ்வழியேதான் கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கின. ரயில் வரும்போது ஆடுவோர் கோலைத் தாழ்த்தி நின்று வழிவிடுவது வழக்கம். அவர்கள் கையிலிருந்த பந்தின் மூலப்பொருளே கண்முன் கடந்துபோன நாட்களும் இருந்திருக்கும். அச்சங்கத்தின் வரலாற்றை எழுதுவோர் கவர்னர்களோடும் வெற்றிவீரர்களோடும் நின்றுவிடாமல், அந்தப் பாதை வழியே பள்ளத்தாக்குக்கும் சென்று வர வேண்டும் என்பதே என் விருப்பம்.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்தத் தோட்டத் தமிழர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவுக்குரியவர்கள் என வகுத்தது. பாட்டன் காலத்தில் விட்டுவந்த ஊரில் நிலமும் உறவும் அற்றுப்போயிருக்க, திரும்பியவர்களுள் ஒரு பகுதியினர் கன்னியாகுமரி மாவட்டத்து அரசு ரப்பர்த் தோட்டங்களில் அமர்த்தப்பட்டு, இலங்கையில் பிடித்த அதே பால்வெட்டும் கத்தியை மறுபடி கையில் ஏந்தினார்கள்.